பேருந்தின் முகப்பில் ஓர் எண்

மும்பை மாநகரப் பேருந்துகள் பலவற்றின் முகப்பில் வழித்தட எண் தேவநாகரி வடிவில் எழுதப்பட்டிருக்கும். பள்ளியில் இந்தி பயிலும் உங்களுக்கு அதனைப் படிப்பது எளிது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய ஒரு தாய்க்கு அஃது எளிதன்று. தேவநாகரியின் நான்கு, அவர் அறிந்த எட்டைப் போலவே தோன்றும். தமிழ் நாளிதழைத் தடையின்றிப் படிப்பவராயினும், அருகில் நிற்பவரைக் கேட்டே அவர் வண்டியேற வேண்டியிருக்கிறது.

இத்தாய் எழுத்தறிவு பெற்றவரா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் அறிந்திருந்தால் எழுத்தறிவு பெற்றவரே ஆவார். அவ்வரையறை அவருடைய தமிழை மதிக்கிறது, அது முறையே. ஆனால், மராத்தியிலோ ஆங்கிலத்திலோ அமைந்த வங்கிப் படிவத்தின் முன் அவர் எழுத்தறியாதவர் போலவே நிற்கிறார். கணக்கில் எழுத்தறிந்தவராதலால், எழுத்தறிவு வகுப்பு அவரைத் தேடி வருவதுமில்லை.

2022இல் நடுவண் அரசு தொடங்கிய எழுத்தறிவுத் திட்டம், பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது. தன்னார்வலர்கள் கற்பிக்கின்றனர். ‘முதியோர் கல்வி’ என்னும் பெயரை விடுத்து ‘அனைவருக்கும் கல்வி’ என்றனர். நல்ல மாற்றம். பல மொழியினர் வாழும் பெருநகரில் இத்தகைய வகுப்பு முதலில் கேட்க வேண்டிய வினா, ‘தங்களுக்கு எந்த எழுத்துத் தெரியும்?’ என்பதே என்று கருதுகிறேன். ஓர் எழுத்துமுறையை அறிந்தவர்க்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. தமிழிலும் தேவநாகரியிலும் உயிரும் மெய்யும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்துள்ளன. தமிழில் ஒரே ககரம் நிற்கும் இடத்தில் அங்கு நான்கு எழுத்துகள் உள்ளன. இதனை விளக்கினாலே பாதி வழி கடந்தாயிற்று.

பதின்பருவத்தினர் நிலை வேறு. உணவகத்தில் பகலெல்லாம் தட்டுக் கழுவும் பதினாறு வயது இளைஞனுக்குப் பகல் வகுப்பால் பயனில்லை. புனேயில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் 1855இலேயே உழைப்பாளர்க்கென இரவுப்பள்ளி தொடங்கினர். அவ்விளைஞனிடம் அணிலும் ஆடும் வரைந்த குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்தால் மறுநாள் வரமாட்டான்; உணவகத்தின் விலைப்பட்டியலைக் கொடுத்தால் வருவான்.

‘பிள்ளைகள் படித்துச் சொல்வார்களே, பெற்றோர் ஏன் வருந்திக் கற்க வேண்டும்?’ என்பர் சிலர். நம்முள் பலர் அவ்வாறு படித்துச் சொன்னவர்களே. அம்மாவின் மருத்துவ அறிக்கையை மகனோ மகளோ படித்துச் சொல்லும்போது, பிள்ளைக்குத் தெரியக்கூடாதென அவர் எண்ணும் செய்தியும் அப்பிள்ளையின் வாய்வழியே அவருக்கு வருகிறது. இதனை உதவி என்று மட்டும் கூறிவிட இயலாது.

தேவநாகரி எண்ணுருக்கள் பத்தே. மாலையில் அரைமணி நேரம் வீட்டிலேயே அவருக்குச் சொல்லித் தரலாம். ணகர னகர வேறுபாட்டில் நீங்கள் தடுமாறும்போது திருத்துபவர் அவர்தாமே.