குப்பையைக் கொட்டினா கேஸ் வந்துடுமா? பயோகேஸ் ஆலைகளின் வெற்றி எங்கே தீர்மானமாகிறது?

வாகன சிஎன்ஜியிலும், குழாய் வழியே வீடுகளுக்கு வரும் எரிவாயுவிலும் குறிப்பிட்ட பங்கு பயோகேஸைக் கலக்க வேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம். 2025-26ல் 1%, அடுத்த ஆண்டு 3%, பிறகு 4%, 2028-29 முதல் 5%. இதற்கு ஆலைகள் மட்டும் போதாது. ஆலைக்குப் போடும் ‘தீனி’யும் சரியாக இருக்கணும்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

காற்றுப் புகாத தொட்டியில் இரண்டு வகை நுண்ணுயிரிகள் மாறி மாறி வேலை செய்கின்றன. முதல் வகை கழிவை உடைத்து அமிலமாக்குகிறது. இரண்டாவது வகை அதிலிருந்து மீத்தேனை உருவாக்குகிறது. முதல் வகைக்கு வேகம் அதிகம். இரண்டாவது ரொம்ப நிதானம். சிக்கலே இங்கேதான்.

அழுகிய பழங்களை அப்படியே போடலாமா?

கூடாது. பழமும் சோறும் சீக்கிரம் அமிலமாகிவிடும். வெயில்ல வெச்ச மாவு மாதிரி தொட்டியே புளிச்சுப் போகும். பிஎச் அளவு 7-ஐ ஒட்டி இருந்தால்தான் மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் பிழைக்கும். அதனால்தான் முதலில் சாணக் கரைசலை நிரப்பி, பிறகு கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள்.

வைக்கோல்?

அது நேர் எதிர். அதிலுள்ள லிக்னின் எளிதில் உடையாது. நறுக்கி, ஊறவைத்துத்தான் போடணும். இல்லையென்றால் மேலே மிதந்து ஏடு கட்டிக்கொள்ளும். கார்பன்-நைட்ரஜன் விகிதம் 20 முதல் 30 வரை இருப்பது நல்லது. வைக்கோலில் கார்பன் மிக அதிகம். கோழி எச்சத்தில் நைட்ரஜன் அதிகம். எனவே கலந்து போடுவதே வழி.

இந்தூர் சொல்லும் கணக்கு

2022 பிப்ரவரியில் இந்தூரில் திறக்கப்பட்ட ஆலையின் திறன், நாளுக்கு 550 டன் ஈரக் கழிவு. அதிலிருந்து 17,000 கிலோ சிஎன்ஜி என்பது இலக்கு. அதாவது ஒரு டன்னுக்குச் சுமார் 31 கிலோ. அந்த 550-ல் 100 டன் பிளாஸ்டிக்கும் மண்ணுமாக வந்தால், சுமார் 3,000 கிலோ கேஸ் போச்சு. நஷ்டம் அதோடு முடியாது. மண் அடியில் தங்கித் தொட்டியின் கொள்ளளவைக் குறைக்கும். பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்த உரத்தை எந்த விவசாயியும் வயலில் போடமாட்டார். ஆலையின் இரண்டாவது வருமானமும் அடிபடும்.

இந்தூருக்குக் கைகொடுத்தது இயந்திரம் மட்டும் அல்ல. ஆலை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வீடுகளில் குப்பையைப் பிரித்து வாங்கும் பழக்கத்தை அந்த நகரம் கொண்டுவந்துவிட்டது.

நமக்கு என்ன?

குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. வீட்டில் பிரிப்பதற்கு ஒரு வாளி கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான். ஆலையில் பிரிப்பதென்றால் இயந்திரம், மின்சாரம், அழுகிய குப்பைக்குள் கைவிட்டுப் பொறுக்கும் தொழிலாளர்கள் எல்லாம் தேவை. உங்கள் ஊரில் பயோகேஸ் ஆலை அறிவிப்பு வந்தால், ‘எத்தனை கோடி?’ என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: ‘வாசலுக்கு வரும் குப்பை வண்டியில் ஈரக் கழிவுக்குத் தனிப் பெட்டி இருக்கிறதா?’