ஹோமர் ரைட் இரண்டு பேர் இல்லை

டாக்டர்களில் ஒரு ரகத்தை நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஸ்டெதாஸ்கோப் கிடையாது. டோக்கன் கிடையாது. 'நாக்கை நீட்டுங்க' கிடையாது. பேத்தாலஜிஸ்ட். ஆபரேஷன் முடிந்து சர்ஜன் வெளியே வந்து, 'கட்டியை பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கோம், ரிப்போர்ட் வரட்டும்' என்கிறாரே, அந்த நிமிஷம் அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து இவருடைய மேஜைக்குப் போகிறது.

இந்த ரகத்து நண்பர் ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு ஸ்லைடு காட்டினார். மாணவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் பழைய ஸ்லைடு; ஏதோ ஒரு குழந்தையின் வயிற்றுக் கட்டி. ஹீமட்டாக்ஸிலின், இயோசின் என்று இரண்டு சாயம் போட்டிருந்தது. முதலாவது ஒரு மரக்கட்டையிலிருந்து வருவது. செல்லின் உட்கருவை நீலமாக்கும். இரண்டாவது மிச்சத்தையெல்லாம் ரோஸ் ஆக்கும். எனக்குத் தெரிந்ததென்னவோ கடுகைக் கொட்டினாற்போல நீலப் புள்ளிகள்தான்.

'சின்ன, உருண்டை, நீல செல் கட்டி' என்றார். வர்ணனை என்று நினைக்காதீர்கள். டாக்டர்கள் நிஜமாகவே அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தப் பெயருக்குள் நியூரோபிளாஸ்டோமா, லிம்ஃபோமா, ஈவிங் சர்க்கோமா என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. பார்க்க எல்லாம் ஒரே யூனிஃபார்மில் வரிசையாக நிற்கும் கான்ஸ்டபிள்கள் மாதிரி. மருந்து மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறே. ஆளை மாற்றிச் சொன்னால் குழந்தைக்குத் தப்பான மருந்து போய்ச் சேரும்.

ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தி, 'இப்ப பாருங்க' என்றார். குத்துவிளக்கைச் சுற்றிப் பெண்கள் கும்மியடிப்பார்களே, அது மாதிரி கொஞ்சம் செல்கள் வட்டம் கட்டி நின்றன. நடுவில் விளக்கு இல்லை. ரோஸ் நிறத்தில் நூல் நூலாக, பிரித்துப் போட்ட பஞ்சு போல ஏதோ ஒன்று.

இதற்கு ஹோமர் ரைட் ரோஸெட் என்று பெயர். கட்சி மாநாட்டில் சட்டையில் குத்திக்கொள்ளும் ரிப்பன் பூவும் ரோஸெட்தான். புத்தகங்களில் ஹோமருக்கும் ரைட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பேராக்கிவிடுகிறார்கள். ராமகிருஷ்ணன் வருகிறார் என்றால் ராமனுக்கு ஒன்று, கிருஷ்ணனுக்கு ஒன்று என நாற்காலி போடுகிற கதை. ஒரே ஆசாமிதான். ஜேம்ஸ் ஹோமர் ரைட், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்க உதவும் ரைட் சாயம் இவர் தந்ததுதான்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் குழந்தைகளுக்கு வரும் கட்டிகளைப் பலர் சர்க்கோமா என்று எழுதி ஃபைலை மூடிக்கொண்டிருந்த காலம் அது. ரைட் அந்த ரோஸ் நூலைப் பார்த்து யோசித்தார். கருவில் நரம்பு உருவாகும்போதும் செல்கள் இதே மாதிரிதானே நூல் விடுகின்றன? அப்படியானால் இவை நரம்பு செல்லாகப் புறப்பட்டு, பாதி வழியில் நின்றுபோனவை. 1910-ல் கட்டுரை எழுதி நியூரோபிளாஸ்டோமா என்ற பெயரை நிலைநாட்டினார். அதாவது செல் கெட்டுப்போன பிறகும், எந்த உத்தியோகத்துக்குப் படித்தது என்பதை அடையாளமாக விட்டுவைக்கிறது.

நிஜமாகவே இரட்டையர் பெயரில் உள்ளது ஃப்ளெக்ஸ்னர்-விண்டர்ஸ்டைனர் ரோஸெட். கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவில் பார்க்கலாம். 1891-ல் அமெரிக்காவின் சைமன் ஃப்ளெக்ஸ்னர், 1897-ல் வியன்னாவின் ஹூகோ விண்டர்ஸ்டைனர். இந்தக் கும்மியில் நடுவில் பஞ்சு கிடையாது, கிணறு மாதிரி காலி. இந்த செல்கள் ஒளியை உணரும் விழித்திரை செல்லாக ஆசைப்பட்டவை. (ஃப்ளாஷ் போட்ட போட்டோவில் குழந்தையின் கண்பாவை வெள்ளையாக மினுங்கினால் ஆல்பத்தில் ஒட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கண் டாக்டரிடம் உடனே ஓடுங்கள்.)

'அப்ப ரோஸெட் தெரிஞ்சா கேஸ் முடிஞ்சுதா?' என்றேன்.

நண்பர் சிரித்தார். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் ஹோமர் ரைட் வட்டம் உண்டு. கண் கட்டியிலும் உண்டு. நியூரோபிளாஸ்டோமாவிலேயே பல ஸ்லைடுகளில் வட்டமே இருக்காது. ஆகவே கட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும், புரதங்களைக் காட்டிக்கொடுக்கும் விசேஷ சாயங்கள் போட வேண்டும், எம்.ஒய்.சி.என். என்ற ஜீன் பெருகிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெருகியிருந்தால் ஆள் முரடு.

அதோடு விட்டாரா? செல்களை எண்ண வேண்டுமாம்! 5,000 செல்லில் எத்தனை இரண்டாகப் பிரிகின்றன, எத்தனை நொறுங்குகின்றன என்று கணக்கு. 100-க்குக் கீழே இருந்தால் குறைவு, 200-க்கு மேலே போனால் அதிகம். நமக்கு மாசக் கடைசியில் மளிகைச் சீட்டைக் கூட்டுவதற்கே கண்ணைக் கட்டுகிறது.

இதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை அசத்தியது. அதே ஸ்லைடு, அதே நூல், அதே எண்ணிக்கை. அதிகம் முதிராத செல்கள், எண்ணிக்கை குறைவு என்று வையுங்கள். குழந்தைக்கு ஒரு வயசு என்றால் 'சாதகமான வகை' என்று எழுதுவார். மூன்று வயசு என்றால் அதே கட்டி 'பாதகமான வகை'. எல்லைக்கோடு 18 மாதம். சின்னக் குழந்தையின் நரம்பு செல்லுக்கு முதிர்வதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. சில கைக்குழந்தைகளுக்குக் கட்டி தானாகவே கரைந்துபோவதும் உண்டு. மூன்று வயசிலும் செல் பச்சையாகவே இருந்தால் அது திருந்துகிற உத்தேசத்தில் இல்லை என்று அர்த்தம். 1984-ல் ஹிரோயுகி ஷிமாடா என்ற ஜப்பானிய நிபுணரும் கூட்டாளிகளும் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்த முறை இது.

பயாப்ஸியோடு ஒரு சீட்டு வரும். பெயர், வயசு, எந்த இடத்துக் கட்டி என்று கட்டங்கள். அன்று நான் இருந்தபோது வந்த ஒரு சீட்டில் வயசுக் கட்டத்தில், யாரோ அவசரத்தில், 'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நண்பர் மைக்ராஸ்கோப்பைத் தொடவே இல்லை. போனை எடுத்தார்.

'எத்தனை மாசம்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.'