இரும்புப் பொறியில் மரங் கடைதல்

"கடைதல்" என்னும் சொல் தயிருக்கும் மரத்துக்கும் பொதுவாய் நிற்றல் நோக்கற்பாலது. மத்திற் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத் தயிர் கடைந்தனர் மகளிர். மரத்தையும் அவ்வாறே கயிற்றாற் சுழற்றி, உளி பிடித்துக் கட்டிற்கால் கடைந்தனர் தச்சர். இன்று கயிற்றின் இடத்தை மின்விசை பெற்றுள்ளது.

2013ஆம் ஆண்டில் இலங்கையின் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத்துறை தொடங்கப்பெற்றது. தொழிற்கூடத்திற் கடைச்சற்பொறி காணும் மாணவனுக்கு ஓர் ஐயம் எழும்: இரும்பு கடையும் பொறியில் மரங் கடையலாமா? பொறி கெடும் என்று தடுப்பார் ஒருசாரார். சுழல்வது எதுவாயினும் ஒன்றே என்பார் மற்றொருசாரார். தக்க வேலைக்குத் தக்க காவலோடு இடங்கொடுத்தலே முறை என்பது எமது துணிபு.

தடுப்பார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. மரத்தூள் பொறியின் எண்ணெயை உறிஞ்சிப் பசைபோல் இறுகும். ஈரத்தையும் பிடித்து வைத்துத் துருவேற்றும். ஆயின், வேலை முடிந்தவுடன் தூளை உறிஞ்சியெடுத்து, வழுக்குத் தளங்களைத் துடைத்துப் புதிய எண்ணெய் இட்டால் இக்கேடு அணுகாது. சோம்பலுக்குப் பொறியின்மேற் பழிசுமத்தல் தகாது.

வேகமும் கருதற்பாலது. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெல்லுருக்கை நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்றிற் கடைவர்; அதே பருமனுள்ள மரத்தையோ 2000 சுற்றளவிலுங் கடைவர். பழைய உலோகப்பொறிகள் பல அவ்வேகத்தை எட்டா. எட்டாதவிடத்து, கூரிய உளியை மெல்லச் செலுத்துக. பொறிக்கு விதித்த எல்லையை மீறற்க. மரத்தைக் கவ்விச் சுழலும் தாடைகள் கையையும் முறித்துவிடும். ஆதலின் உளியைப் பொறியின் தாங்கியிலே இறுகப் பூட்டுக. கண்ணாடியும் தூசிமறைப்பும் அணிக. சால்வையும் தொங்கும் சட்டைக்கையும் கையுறையும் பொறியருகே ஆகா.

இனி, தக்க வேலை யாது? அராவின் கைப்பிடிக்கு நடுவே செவ்வையாகத் துளையிடல், ஒரே அளவிற் பல முளைகள் ஆக்கல், வார்ப்புக்கு மரமாதிரி செய்தல் என்பன. அளவே உயிரான இவற்றுக்கு உலோகப்பொறி ஏற்றது. கிண்ணத்தின் வளைவுக்கும் கட்டிற்காலின் எழிலுக்கும் அது ஏலாது. அங்கே கையே உளியை நடத்தல் வேண்டும். மரத்தின் நார் எத்திசையில் ஓடுகின்றதென விரல் உணர்தல் வேண்டும். பூட்டிய உளி அளவைக் கற்பிக்கும். பிடித்த உளி மரத்தைக் கற்பிக்கும். முன்னதை மட்டும் பயின்றவன் பாதியே பயின்றவனாவான்.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழாக்காலத்தில் வளைவும் வாயிலும் எழுப்ப எண்ணுவோர், சிறியதொரு மரக்கடைச்சற்பொறியையும் நல்ல உளிகளையும் தொழிற்கூடத்துக்கு நல்குக. கைதேர்ந்த தச்சர் ஒருவரைக் கிழமைக்கு ஒரு நாள் மாணவர்முன் நிறுத்துக. அவருடைய கைத்திறன் அவரோடு மறையாது எம் மாணவர் கைக்கு வருதலினும் சிறந்த விழாப்பரிசு வேறில்லை.