பற்றை வளர்ந்த காணி பாழ்நிலம் அல்ல

பல ஆண்டுகள் பிரிந்திருந்த காணிக்குத் திரும்புபவர் முதலிற் காண்பது பற்றைக்காட்டைத்தான். "காணி பாழாய்ப் போய்விட்டது" என்று மனம் சலிக்கிறது. புல்டோசரைப் பிடித்து மேல்மண்ணோடு வழித்துத் தள்ளிவிட்டால் வேலை சுலபம் என்றும் தோன்றுகிறது. அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே எமது கருத்து. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

பெரும்பாலான மரஞ்செடிகளின் வேரில் ஒருவகைப் பங்கசு கூடி வாழ்கிறது. நூலிலும் மெல்லிய அதன் இழைகள், வேர் எட்டாத இடத்திலிருந்தும் பொசுபரசைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. கூலியாக மரம், தன் இலையில் ஆக்கிய சீனியைக் கொடுக்கிறது. 1885இல் ஜேர்மனிய அறிஞர் பிராங்க் இக்கூட்டுக்கு மைக்கோரைசா, அதாவது 'பங்கசு வேர்', எனப் பெயரிட்டார்.

இந்த இழைகள் மரத்தோடு மரத்தை இணைக்கின்றனவா? 1997இல் கனடாவில் சுசான் சிமார்ட்டும் துணைவர்களும், பேர்ச், டக்ளஸ் பேர் என்னும் இருவகை இளமரங்களுக்கிடையே காபன் கைமாறுவதைக் காட்டினர். அதன்பின் "தாய்மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது" என்ற கதை உலகெங்கும் பரவிற்று. ஆனால் அதே ஆய்விற் பங்குகொண்ட மெலனி ஜோன்ஸ் உட்பட மூவர், அக்கதைக்குக் காட்டில் எடுத்த சான்று போதாதென 2023இல் எழுதினர். ஆகவே உறுதியானதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மரவள்ளி, சோளம், வெங்காயம், மிளகாய், கௌபி, கச்சான், மா யாவும் இத்தகைய பங்கசின் துணையோடு வளர்பவை. கோவாவும் முள்ளங்கியும் அதை ஏற்பதில்லை. உயிருள்ள வேர் இன்றி அப்பங்கசு பெருகாது. நாம் இல்லாத காலத்தில் அதற்கு வேர் கொடுத்து வைத்திருந்தவை இந்தப் பற்றைகளே. அது மிகுதியாக இருப்பதும் மேல்மண்ணிலேதான்.

எனவே, கண்ணிவெடி இல்லையென உரியவர்கள் உறுதிசெய்த பின், பற்றைகளைக் கையால் வெட்டுங்கள். பயிரிடும் அளவுக்கு மட்டும் வேர் கிளப்புங்கள். வெட்டிய தழையைக் கொளுத்தாமல் மண்ணுக்கு மூடாக்காக இடுங்கள். முதல் மழையோடு கௌபி போன்ற ஒன்றை விதைத்து மண்ணில் வேர் இருக்கச் செய்யுங்கள். பொசுபரசுப் பசளையை அளவுக்கு மிஞ்சி இட்டால் இக்கூட்டுக் குறையும். இயந்திரம் தவிர்க்க முடியாதெனில், மேல்மண்ணைத் தனியே குவித்து மீண்டும் பரப்பச் சொல்லுங்கள்.

காணி துப்புரவாக்க உதவும் நிறுவனங்களும், எத்தனை ஏக்கர் வெளியாயிற்று என்று மட்டும் எண்ணாமல், மேல்மண் மிஞ்சியதா என்றும் பார்க்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை காணிக்காரருக்கு உண்டு.