காகித நாய்க்குக் கண்ணீர்!

ஒரு நாய் செத்தது. ஆயிரக்கணக்கான பேர் கடிதம் எழுதினார்கள்.

அது யார் வீட்டிலும் வளர்ந்த நாய் அல்ல. ரத்தமும் சதையும் உள்ள நாயும் அல்ல. மையினால் வரைந்த நாய்! பத்திரிகையில் நாள்தோறும் வந்த சித்திரக்கதை நாய்.

அதன் பெயர் பார்லி. கண்ணை மறைக்கும் அளவுக்கு ரோமம் அடர்ந்த பெரிய நாய். கனடா நாட்டு ஓவியை லின் ஜான்ஸ்டன் அதைப் படைத்தார். "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று பொருள்படும் பெயருடைய சித்திரத் தொடரை 1979-ல் அவர் தொடங்கினார். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமான பத்திரிகைகள் அதை வெளியிட்டன.

கதை எளிய குடும்பக் கதைதான். தந்தை பல் டாக்டர். தாய், பிள்ளைகள், நாய். வீட்டுக்கு வீடு நடக்கும் சங்கதிகள். ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. மற்றச் சித்திரக்கதைகளில் ஐந்து வயதுச் சிறுவன் ஐம்பது ஆண்டு ஆனாலும் சிறுவனாகவே இருப்பான். இந்தக் கதையில் அப்படி இல்லை. பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெற்றோருக்கு வயது ஏறியது. ஆரம்ப நாட்களில் குட்டியாக வந்த பார்லியும் கிழ நாய் ஆயிற்று.

வாசகர்கள் அதைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். காலையில் பத்திரிகை வந்ததும், "இன்றைக்குப் பார்லி என்ன செய்தது?" என்று கேட்பது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. "நம்ம வீட்டு நாயும் இப்படித்தான்" என்று சிரித்தார்கள்.

1995 ஏப்ரலில் அந்தச் சிரிப்பு நின்றது.

வெள்ளத்தில் குதித்தது

கதையில் வரும் கடைசிக் குழந்தை ஏப்ரல். வயது 4. வீட்டில் ஒருவரும் கவனிக்காத நேரத்தில் பொம்மைப் படகை எடுத்துக்கொண்டு நீரோடைப் பக்கம் போனாள். ஓடையில் வெள்ளம். கால் தவறி விழுந்தாள்.

கிழட்டுப் பார்லி யோசிக்கவில்லை. தண்ணீரில் குதித்தது. குழந்தை மூழ்காமல் தாங்கிக்கொண்டது. வீட்டார் ஓடிவந்து குழந்தையையும் நாயையும் கரை சேர்த்தார்கள்.

குழந்தை பிழைத்தது. நாய் பிழைக்கவில்லை.

அந்தச் சித்திரம் வெளிவந்ததும் ஓவியைக்குக் கடிதங்கள் குவிந்தன. சிலர் அழுதுகொண்டே நன்றி சொன்னார்கள். தங்கள் வீட்டில் செத்துப்போன நாயை நினைத்துக்கொண்டதாக எழுதினார்கள். சிலர் கோபித்தார்கள். காலை வேளையில் சிரிக்க வைக்கவேண்டிய பக்கத்தில் இப்படி அழ வைக்கலாமா என்று கேட்டார்கள்.

ஸ்னூபிக்கு வந்த ஆபத்து!

இதில் வேடிக்கையும் உண்டு.

உலகப் புகழ் பெற்ற இன்னொரு சித்திர நாய் ஸ்னூபி. அமெரிக்க ஓவியர் சார்லஸ் ஷுல்ஸ் 1950-ல் தொடங்கிய "பீனட்ஸ்" தொடரில் வருவது. பீனட்ஸ் என்றால் வேர்க்கடலை. ஷுல்சும் லின் ஜான்ஸ்டனும் நண்பர்கள்.

பார்லியைச் சாகடிக்கப் போவதாக ஜான்ஸ்டன் முன்கூட்டியே ஷுல்சிடம் சொன்னார். அவர் திடுக்கிட்டார். அப்படிச் செய்தால் தாம் ஸ்னூபியை லாரியில் அடிபட வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டினார். எல்லோரும் ஸ்னூபிக்காகக் கவலைப்படுவார்கள், பார்லியின் கதையை யாரும் படிக்கமாட்டார்கள் என்றார்.

ஜான்ஸ்டன் என்ன செய்தார்? பார்லி சாகும் நாள் எது என்பதை நண்பரிடம் சொல்லவே இல்லை. ஸ்னூபி தப்பியது!

படம் வரைகிறவர்களே தங்கள் நாய்களைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டால், படிக்கிறவர்கள் பேசுவதில் வியப்பு என்ன?

அந்த ஸ்னூபி சாமானிய நாய் அல்ல. 1969 மே மாதம் அப்போலோ 10 விண்கலம் சந்திரனைச் சுற்றியது. அதிலிருந்து பிரிந்து, சந்திரனின் தரைக்குச் சுமார் 15 கிலோ மீட்டர் உயரம் வரை இறங்கி, இடம் பார்த்துத் திரும்பிய ஓடத்துக்கு வைத்த பெயர் ஸ்னூபி. தாய்க் கலத்துக்குப் பெயர் சார்லி பிரௌன். கதையில் ஸ்னூபியை வளர்க்கும் சிறுவன் அவன்தான். பெரிய விஞ்ஞானிகளும் சித்திரக்கதை படிக்கிறவர்கள்தாம்!

பெயர் வைத்த வாசகர்கள்

பிரெஞ்சு நாட்டில் நடந்தது இன்னும் இனிமையானது. 1963-ல் "பைலட்" என்ற வாரப் பத்திரிகையில் ஆஸ்டெரிக்ஸ் கதை வந்துகொண்டிருந்தது. எழுதியவர் கோசினி. வரைந்தவர் உடெர்சோ.

இரண்டு வீரர்கள் நாட்டைச் சுற்றிப் புறப்படுகிறார்கள். ஒரு கறிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த சின்னஞ்சிறு வெள்ளை நாய் அவர்கள் பின்னாலேயே போகிறது. பக்கத்துக்குப் பக்கம் படத்தின் ஓரத்தில் ஓடிவருகிறது. வீரர்கள் கவனிக்கவே இல்லை. ஊர் திரும்பி விருந்து நடக்கும்போதுதான் குண்டு வீரன் ஒபெலிக்ஸ் அதைப் பார்க்கிறான்.

வீரர்கள் கவனிக்காததை வாசகர்கள் கவனித்தார்கள். நாய் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதற்குப் பெயர் சொல்லும்படி பத்திரிகை போட்டி வைத்தது. வாசகர்கள் தந்த பெயர்தான் "இதெபிக்ஸ்". பிடித்த எண்ணத்தை விடாதவன் என்று பொருள் கொள்ளலாம். பொருத்தமான பெயர்! ஓரத்தில் ஓடிய நாய், கதையின் நிரந்தரப் பாத்திரம் ஆகிவிட்டது. யாராவது மரத்தைப் பிடுங்கினால் அது ஊளையிட்டு அழும்.

வீண் பேச்சா?

"இல்லாத நாயைப் பற்றி என்ன பேச்சு? வேலையற்ற வேலை!" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல.

ஒரு வீட்டில் பாட்டி, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பேசக்கூடிய விஷயங்கள் எத்தனை? அரசியல் பேசினால் சண்டை வரும். பணம் பேசினால் கவலை வரும். சித்திரக்கதை நாயைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வரும். இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகும் குழந்தையும், வயதான பிறகு படிக்கக் கற்ற தாயும் படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வரி படித்துவிடுவார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்ற ஆவல் அவர்களை மறுபடியும் படிக்க வைக்கும்.

பார்லியைச் சாகவிட்டது நியாயமா? நியாயம்தான். அவ்வளவு பெரிய நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருப்பதே அதிகம். எல்லோருக்கும் வயதாகும் கதையில் நாய்க்கு மட்டும் ஆகாமல் இருக்குமா? பிரிவு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் ஒருநாள் அறியத்தான் வேண்டும். அம்மாவின் மடியில் உட்கார்ந்து, படத்தில் முதலில் அறிந்துகொள்வது நல்லது. தண்ணீர் ஓரத்தில் குழந்தையைத் தனியாக விடக்கூடாது என்ற பாடமும் அந்தப் படத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. காகித நாய்க்கு அழுகிறவன், தெருவில் படுத்திருக்கும் நாயின் மேல் கல்லை எறிந்தால், அந்தக் கண்ணீரால் என்ன பயன்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு நல்ல பதில் கிடைத்தது. அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் சங்கம் ஓர் அறநிலையம் அமைத்தது. நாயோ பூனையோ வளர்க்கும் ஏழைகளுக்கு, பிராணியின் வைத்தியச் செலவில் அது உதவுகிறது. துணைக்கு ஒரு நாயைத் தவிர வேறு யாரும் இல்லாத முதியவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

அந்த அறநிலையத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "பார்லி"!

காகிதத்தில் செத்த நாய், உயிருள்ள நாய்களைக் காப்பாற்றுகிறது. சிரித்துப் பேசிய பேச்சு வீண் போகவில்லை.

சித்திரக்கதை நாயைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், சிரிக்கலாம், பெயர் கூட வைக்கலாம். பேசி முடித்தபின், வாசலில் வாலாட்டி நிற்கும் நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் போதும். படித்ததற்குப் பயன் அதுவே.