கிமிச் சோதனையும் எங்கட பிள்ளைகளும்

கனநாளாய் ஒன்றும் எழுதவில்லை. நத்தாரும் புதுவருசமும் ரெஸ்ரோறன்ரில் வேலை செய்கிறவனுக்கு எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இப்போது கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. மனதில் ஒரு வருசமாய்க் கிடக்கிற விசயத்தை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சூரிச் மாநிலத்தில் இருக்கிற தமிழ்த் தாய் தகப்பன்மாருக்கு 'கிமி' என்ற சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்ற நாடுகளில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கிம்னாசியம் என்பதைத்தான் இங்கே கிமி என்று சுருக்கிச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகிற நேர்வழி அது. சுவிசில் கட்டாயப் படிப்பு, பாலர் வகுப்பு இரண்டு வருசத்தையும் சேர்த்து 11 வருசம். அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் அவரவர் விருப்பம். பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 'லேர' என்கிற தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். கிம்னாசியம் முடித்து மத்தூரா எடுக்கிறவர்கள் நாடு முழுவதும் பார்த்தால் ஐந்தில் ஒருவர், அல்லது அதைவிடச் சற்றுக் கூட. அதையும் மாநிலத்துக்கு மாநிலம் பார்த்தால் தலை சுற்றும். ஜெனிவாவிலும் ரிச்சினோவிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் எடுக்கிறார். கிளாறுசில் அதில் பாதிகூட வராது. கிளாறுஸ் பிள்ளைகளுக்கு மூளை பாதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கதவின் அகலம்தான் வேறு.

பிரான்சில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணர் போனில் கேட்டார்: "என்னடா உங்கட நாட்டில பள்ளிக்கூடம் போறதுக்கும் சோதனையா?" அங்கே ஒரு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேர்வரை 'பக்' எடுக்கிறார்கள். கனடாவில் இருக்கிற மச்சாளுக்கோ விளங்கப்படுத்தவே முடியவில்லை. அங்கே ஹைஸ்கூல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

சூரிச்சில் இரண்டு வாசல் இருக்கிறது. ஆறாம் வகுப்பில், 12 வயதில், சோதனை எழுதிப் போனால் ஆறு வருசம் படிக்கிற லாங்கிமி. அதைத் தவறவிட்டால் செக்குண்டார் பள்ளியில் இரண்டாம் அல்லது மூன்றாம் வருசத்தில் சோதனை எழுதி நாலு வருசக் கூர்ஸ்கிமிக்குப் போகலாம். சோதனை மார்ச் மாதத்தில், யேர்மன் மொழியும் கணிதமும். லாங்கிமிக்குப் பள்ளிக்கூடப் புள்ளி பாதி, சோதனைப் புள்ளி பாதி. எழுதுகிறவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர்தான் தேறுகிறார்கள். தேறினாலும் முடியவில்லை. முதல் அரை வருசம் 'புரோபசைற்' என்று ஒரு தவணை. அதில் புள்ளி காணாவிட்டால் திரும்பவும் செக்குண்டாருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகன் கிமி எடுபட்டதற்குக் கோயிலில் பொங்கலே செய்தார்கள். மாசி மாதம் பெடியன் திரும்பி வந்துவிட்டான். அதைச் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் ஒரு வருசம் மறைத்தார்கள். அந்தப் பெடியன் பிறந்தநாள் விழாக்களில் ஆட்களைக் கண்டால் ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி என் கதை.

என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, 2024 இலையுதிர் காலத்தில், பெற்றோர் சந்திப்புக்குக் கூப்பிட்டார்கள். ரீச்சர் நல்ல மனுசி. பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கெட்டிக்காரி, அமைதி, எல்லா வீட்டுவேலையும் ஒழுங்காகச் செய்வாள், செக் 'ஆ' பிரிவு அவளுக்கு மிகவும் பொருத்தம் என்றா. நான் கிமிச் சோதனைக்குப் பதியப் போகிறோம் என்றேன். மனுசி கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "உங்களுக்கு என்ன வேலை?" சமையலறையில் என்றேன். "அப்ப வீட்டில் யார் அவளுக்கு உதவி செய்வார்கள்?"

கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. அதுதான் கூட வலித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் கணிதம் படித்தவன் நான் என்று சொல்ல வாய் வந்தது. 2006 ஆவணியில் பாதை பூட்டினபோது கடைசி வருசம். பிறகு நடந்தது இங்கே எழுதி முடியாது. 2007இல் சுவிசுக்கு வந்தேன். முடிக்காத படிப்புக்கு எந்த நாட்டிலும் பெறுமதி இல்லை. ஆகவே பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வரும்போது ட்ராமில் மனைவிதான் சொன்னா, "நீங்கள் படிச்சதைச் சொல்லியிருக்கலாமே" என்று.

புதன்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கும் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் 'சிமர்ஷ்துண்ட' என்று இரண்டரை மணித்தியால இடைவெளி. அதில் போக்குவரத்துக் கழிய ஒன்றரை மணித்தியாலம் மிஞ்சும். அந்த நேரத்தில் பழைய சோதனைத் தாள்களை எடுத்து வைத்துச் செய்தோம். இரண்டு குழாய் சேர்ந்து தொட்டியை நிரப்புகிற கணக்கு, ஒருவன் நடந்தும் மற்றவன் சைக்கிளிலும் போகிற கணக்கு. நான் உடனே எக்ஸ் என்று வைத்து இரண்டு வரியில் செய்து காட்டினேன். மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, எக்ஸ் எங்களுக்கு இன்னும் படிப்பிக்கேல்லை. அது இல்லாமல்தான் செய்ய வேணும்." பல்கலைக்கழகம் போனவன் ஆறாம் வகுப்புக் கணக்கை எக்ஸ் இல்லாமல் செய்ய ஒரு கிழமை திணறினேன். பிறகு படம் கீறிச் செய்கிற முறையை இரண்டு பேருமாய்க் கண்டுபிடித்தோம். அந்தப் புதன்கிழமைகள் நல்ல நாட்கள்.

கணிதம் இப்படிப் போனது. யேர்மன் கட்டுரைக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த யேர்மன் சமையலறை யேர்மன். அதற்கென்று தனியார் வகுப்புகள் ஊரெல்லாம் இருக்கின்றன. ஆயிரம் பிராங்குக்கு மேல், சில இடங்களில் பல ஆயிரம். என்னுடைய ரெஸ்ரோறன்ருக்குச் சாப்பிட வருகிறவர்களின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலேயே அங்கே போகத் தொடங்கிவிடுகிறார்கள். நாங்கள் விட்டது பள்ளிக்கூடம் தந்த இலவச வகுப்புக்கு மட்டும்.

2025 மார்ச்சில் எழுதினாள். கணிதம் நன்றாக வந்தது. கட்டுரையில் போய்விட்டது. கொஞ்சப் புள்ளியால் இல்லை. கடிதத்தை அவளே உடைத்து வாசித்துவிட்டு, "பரவாயில்லை அப்பா" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வயதா அது?

இனி என் கருத்தைச் சொல்கிறேன். கிம்னாசியத்துக்கு ஐந்தில் ஒருவர் போவதை நான் பிழை என்று சொல்ல வரவில்லை. மத்தூரா எடுத்தவன், மருத்துவம் மாதிரி ஒன்றிரண்டு துறை தவிர, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்கும் வேறு சோதனை இல்லாமல் போகலாம். அவ்வளவு பெரிய உரிமையைக் கொடுக்கிற பத்திரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பது நியாயம். 2024 ஆவணியில் புது மத்தூராச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, 1995இல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக. கணினியியலும் பொருளாதாரமும் சட்டமும் இனி எல்லாருக்கும் அடிப்படைப் பாடம். நாடு முழுவதும் குறைந்தது நாலு வருசக் கிம்னாசியம் இருக்க வேண்டும், வோ மாதிரி மூன்று வருசம் வைத்திருந்த மாநிலங்கள் மாற்றவேண்டும். எல்லாம் சரி. ஆனால் யார் உள்ளே வருகிறார், எந்த வயதில், எந்த வழியால் என்பதை அது மாநிலங்களிடமே விட்டிருக்கிறது. லூசேர்னில் சோதனையே இல்லை, புள்ளியையும் ஆசிரியர் மதிப்பீட்டையும் பார்த்து எடுக்கிறார்கள். என் பிள்ளை ஒரு மணித்தியால ரயில் தூரத்தில் பிறந்திருந்தால் கதை வேறாய் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அங்கே அந்த ரீச்சரின் கேள்விதான் சோதனையாய் இருந்திருக்கும்.

என் பிரச்சினை 12 வயதுதான். அந்த வயதில் அளப்பது பிள்ளையை இல்லை, வீட்டை. வீட்டில் எத்தனை யேர்மன் புத்தகம், அம்மா அப்பா சாப்பாட்டு மேசையில் என்ன பாசை கதைக்கிறார்கள், வகுப்புக்குக் கட்டக் காசு இருக்கிறதா என்பதை அளக்கிறது. நான் மட்டும் சொல்கிற கதை இல்லை இது. சுவிஸ் விஞ்ஞான சபை 2018இல் இதைப் பற்றியே ஒரு அறிக்கை வெளியிட்டது. சூரிச் ஈ.ரி.எச்.சில் கற்றலைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியை எல்ஸ்பெத் ஸ்ரேர்ன் வருசக்கணக்காய்ச் சொல்லி வந்தவர்: கிமியில் இருக்கத் தேவையில்லாத வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், இருக்க வேண்டிய பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்று. சூரிச்சில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்து தயார்ப்படுத்துகிற 'சகால்' என்ற திட்டம் 2008 முதல் நடக்கிறது. அருமையான வேலை, ஆனால் எடுபடுகிறவர்கள் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான். லாங்கிமியை எடுத்துவிட்டு எல்லாரும் செக்குண்டாருக்குப் போய் 14, 15 வயதில் எழுதட்டும் என்பதுதான் என் கட்சி. ஆர்கவ் மாநிலத்தில் லாங்கிமி கிடையாது. அங்கேயும் ஆறாம் வகுப்பு முடிய பெற்சிர்க் பள்ளி என்று பிரித்துத்தான் விடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இது ஒரு நாளில் தீருகிற விசயம் இல்லை.

எங்கட ஆட்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது எங்கள் பெடியளுக்கு ஒரு புள்ளி, மற்றவர்களுக்கு ஒரு புள்ளி என்று எவ்வளவு கொதித்தோம். அந்தக் கதையைச் சொல்லித்தானே வளர்த்தார்கள் எங்களை. இங்கே பேசாமல் இருக்கிறோம். ஏனென்றால் இங்கே சட்டத்தில் எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே புள்ளி. எடுபட்டவர் பெருமை பேசுகிறார், எடுபடாதவர் வெட்கப்பட்டு வாயை மூடுகிறார். யாரும் சேர்ந்து கேட்கவில்லை.

மற்றது லேர பற்றி. "கிமி கிடைக்கேல்லையோ, ஐயோ பாவம்" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரிக் கேட்கிற எங்கள் பழக்கம் சரியில்லை. எங்கள் சமையலறைக்கு 16 வயதில் ஒரு சுவிஸ் பெடியன் லேரக்கு வந்தான். வெங்காயம் வெட்டக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தது நான். மூன்று வருசத்தில் பத்திரம் எடுத்தான். இப்போது அவன் எனக்கு மேலே நிற்கிறான், சம்பளமும் கூட. நான் இத்தனை வருசம் அதே அடுப்படியில் நின்றும் கடதாசியில் உதவியாள்தான். ஐந்து வருச அனுபவம் உள்ளவர் நேரே இறுதிச் சோதனை எழுதிப் பத்திரம் எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, அதைச் செய்யாமல் விட்டது என் சோம்பேறித்தனம். லேரயோடு தொழில் மத்தூரா எடுத்தால் பொறியியல் மாதிரியான துறைகளுக்கு உயர்தொழிற் கல்லூரிக்குப் போகலாம். அதற்கு மேல் 'பசறெல்' சோதனை எழுதிப் பல்கலைக்கழகமே போகலாம். வழி சுற்றுத்தான், ஆனால் அடைத்த வழி இல்லை. எனக்கு லேரயில் கோபம் இல்லை. வசதியானவன் பிள்ளைக்கு அது ஒரு தெரிவாகவும் என் பிள்ளைக்கு அது மிச்சமாகவும் இருப்பதில்தான் கோபம்.

இதை எழுதும்போது என்னையும் சந்தேகப்படுகிறேன். நான் முடிக்காமல் விட்ட படிப்பை அவளைக்கொண்டு முடிக்கப் பார்க்கிறேனோ என்று. மனைவி நேரே கேட்டுவிட்டா. பதில் சொல்லவில்லை நான். மகளுக்கு இப்போது ஆய்வுகூட உதவியாளர் வேலையில் ஒரு கண் இருக்கிறது, அதை லேரயாகவே படிக்கலாம். கூர்ஸ்கிமிச் சோதனை 2027 மார்ச்சில். எழுதுவதா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும், நான் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். இதுவரை இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

புதன்கிழமைக் கணக்கு மட்டும் நிற்கவில்லை. போன கிழமை புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். செக்கில் எக்ஸ் தொடங்கிவிட்டார்களாம்.