சீனிக் கிண்ணத்துக்கு மட்டும் ஏன் ஒரு வரி?

பழைய ஆங்கிலேய வெள்ளித் தேநீர்ச் செட்டைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதை வாசித்தால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. யார் செய்தது, எந்த ஆண்டு, எத்தனை அவுன்ஸ். அப்புறம் 'நேர்த்தி', 'நாகரிகம்' என்று உருகல். டீப்பாட்டுக்கு அரைப் பக்கம், பால் ஜாடிக்கு நாலு வரி. சீனிக் கிண்ணம் வந்ததும் 'செட்டுடன் சேர்ந்தது' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் சண்டை.

பொருளை நான் குறை சொல்லவில்லை. பொறியாளனாகப் பார்த்தால் மலைப்பாகவே இருக்கிறது. உலோகங்களில் வெப்பத்தை அதிகம் கடத்துவது வெள்ளி. கொதிநீர் ஊற்றினால் பிடி கையைச் சுட்டுவிடும். அதனால் 18ஆம் நூற்றாண்டில் மரப்பிடி வைத்தார்கள். பிறகு, பிடியும் வெள்ளியாகவே வேண்டும் என்றபோது, இரண்டு இடத்தில் தந்தத் துண்டைச் செருகி வெப்பத்தைத் தடுத்தார்கள். நாங்கள் இன்று வரைபடத்தில் 'தெர்மல் பிரேக்' என்று போடுவது அதைத்தான். பளபளப்புகூட வெறும் அலங்காரமில்லை; மெருகேற்றிய வெள்ளி வெப்பத்தைக் குறைவாகவே வெளியே வீசும். இதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பவர்களைவிட, எடுத்து டீ ஊற்றிக் குடிப்பவர்கள் கட்சிதான் நான்.

ஆனா, குடிக்கும்போது சீனிக் கிண்ணத்தையும் கொஞ்சம் திறந்து பாருங்களேன். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் மேசைக்கு வந்த சீனியில் பெரும்பங்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். வெள்ளி இடுக்கியால் நாசூக்காக எடுத்துப் போட்ட கட்டி அதுதான்.

'டீ குடிக்கிற இடத்துல அரசியல் எதுக்குப்பா?' என்பார்கள். அரசியலை நான் கொண்டுவரவில்லை. 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றது. அதே ஆண்டு, சீனியை விடச் சொல்லி வில்லியம் ஃபாக்ஸ் ஒரு துண்டறிக்கை எழுதினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சீனியை நிறுத்தின. வாக்குரிமை இல்லாத பெண்கள், தங்கள் பொறுப்பில் இருந்த தேநீர் மேசையில் அதைச் செய்து காட்டினார்கள். 1820களில் நீலக் கண்ணாடிச் சீனிக் கிண்ணங்கள்கூட வந்தன. இது கிழக்கிந்தியச் சீனி, அடிமைகள் செய்ததல்ல என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். வந்த விருந்தாளி அதை வாசிக்காமல் சீனி போட முடியாது!

இந்த ஊரில் உட்கார்ந்து எழுதும் தமிழர்கள் இதைத் தாண்டிப் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1833இல் அடிமைமுறையை ஒழிக்கப் பிரிட்டன் சட்டம் போட்டது. கரும்புக்கு ஆள் வேண்டுமே? இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள், முதலில் மொரீஷியஸுக்கு. இன்று செபராங் பிறை என்று சொல்கிறோமே, அந்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் அப்படித்தான் வந்தார்கள். ரப்பருக்கு வெகுகாலம் முன்பே. நாமோ ரப்பர் மரத்தடியிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறோம்.

டீப்பாட்டைக் கவிழ்த்து முத்திரை படிக்கத் தெரிகிறது இவர்களுக்கு. நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 விழுக்காடு வெள்ளி. அரசரின் தலை இருந்தால் வரி கட்டியாயிற்று, 1784க்கும் 1890க்கும் இடையில் செய்தது. இவ்வளவு பொறுமை உள்ளவர்களுக்குக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு பத்தி கிடைக்காதா? அடுத்த முறையும் 'செட்டுடன் சேர்ந்தது' என்று எழுதுங்கள், மறுப்பு எழுத நான் இருக்கிறேன்.